ஒரு இரவு விழித்திருந்தால் மனச்சோர்வு தீருமா?

"ஒரு இரவு முழுக்கக் கண்விழித்து, விடியலில் சூரியனை உற்றுப் பார்த்தால் மூளையில் செரோட்டோனின் ஊறி மனச்சோர்வு தீரும், குளிசை தேவையில்லை" என்று மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கொஞ்சம் உண்மை ஒட்டியிருப்பதால்தான் பலர் நம்புகிறார்கள். தூக்கத்தைத் தவிர்க்கும் சிகிச்சை 1970களிலிருந்து ஆராயப்படுகிறது. ஏறத்தாழ பாதிப்பேருக்கு மறுநாளே மனம் லேசாகிறது. மூளை இரசாயனங்களான செரோட்டோனின், டோபமின் ஆகியவற்றின் செயற்பாடு மாறுவது ஒரு காரணமாகலாம். ஆனால் அடுத்த இரவு தூங்கி எழுந்ததும் பெரும்பாலானோருக்கு மனச்சோர்வு திரும்பிவிடுகிறது. இருதுருவ மனநோய் (மனச்சோர்வும் மிகை மனவெழுச்சியும் மாறிமாறி வரும் நோய்) உள்ளவருக்கோ கட்டுக்கடங்காத மனவெழுச்சியைக் கிளப்பிவிடலாம். அதனால்தான் வைத்தியர் கண்காணிப்பில், பெரும்பாலும் மருந்தோடு சேர்த்தே செய்கிறார்கள்.

ஒளியால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்வதும் உண்டுதான். ஆனால் ஒளிச் சிகிச்சை என்றால் 10,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அளவு) விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் இருப்பது, அதுவும் விளக்கை உற்றுப் பார்க்காமல். விழித்திரை வழியே ஒளி மூளையின் உயிர்க்கடிகாரத்தை எட்டி, தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் என்ற ஹோர்மோனைக் குறைக்கிறது. கல்லடிக் கடற்கரையில் காலை நடை நல்லதுதான். சூரியனை நேரே பார்த்தால் விழித்திரை பாதிக்கப்படும்.

இதை நம்பி யாராவது குளிசையை நிறுத்திவிடுவார்களோ என்பதே என் பயம். திடீரென நிறுத்தினால் தலைசுற்று, தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். சந்தேகமிருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை இனிப் பகிராதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.