முதலில் விட்டுப்போவது ராத்திரி மாத்திரைதான்

வேலைக்கும் போய், குழந்தையையும் வளர்த்து, மனநோய்க்கு மருந்தும் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நெருக்கடி கூடும்போது முதலில் எது விட்டுப்போகிறது? ஆபீஸ் வேலை போகாது, மேலாளர் கேட்பார். குழந்தையின் சாப்பாடு போகாது, குழந்தை அழும். மாத்திரையும் தூக்கமும் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியும்தான் போகும். அவற்றைக் கேட்க ஆள் இல்லை. கடைசிவரை காக்க வேண்டிய மூன்றும் முதல் வாரத்திலேயே காணாமல் போகின்றன. என் வாதமெல்லாம் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை, அதாவது நெருக்கடி மிஞ்சி ஆள் ஓய்ந்துபோவதை, விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. தீராத வேலை அழுத்தத்தால் வருவது என்றது: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மேல் கசப்பு, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். பிள்ளை வளர்ப்பிலும் இப்படி ஆகும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நடக்கும், மனசு மட்டும் அங்கே இருக்காது.

ஏற்கெனவே நோய் இருப்பவர்கள் பர்ன்அவுட்டையும் நோய் திரும்புவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாரத்தை இறக்கினால் சில நாளில் கொஞ்சமாவது தெளிகிறதென்றால் அது பெரும்பாலும் பர்ன்அவுட். லீவிலும் எதிலும் பிடிப்பில்லாமல், நாளின் பெரும்பகுதி இருட்டாகவே 2 வாரம் போனால் மனச்சோர்வு நோய் திரும்புகிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய், உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 4 மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லை, புதுப்புது வேலைகளில் இறங்கத் தோன்றுகிறது என்றால் தேறிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தூக்கத்தை முறை வைத்துப் பிரியுங்கள். ராத்திரி 9 முதல் 2 வரை குழந்தை ஒருவர் பொறுப்பு, 2 முதல் 7 வரை மற்றவர் பொறுப்பு. முறை இல்லாதவர் வேறு அறையில், போன் இல்லாமல். இருவரும் பாதித் தூக்கத்தில் எழுந்து எழுந்து படுப்பதைவிட ஆளுக்கு 5 மணி நேரம் முறியாமல் கிடைப்பது எவ்வளவோ மேல். தூக்கம் வரவைக்கும் மாத்திரை எடுப்பவர் எந்த முறையில் இருக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக நகர்த்த வேண்டாம். தனியாக வளர்ப்பவர்கள் வாரத்துக்கு 2 ராத்திரிக்காவது ஒரு ஆளைக் கேளுங்கள். பொதுவாக "உதவி வேணும்" என்று கேட்டால் யாரும் வருவதில்லை, "செவ்வாய் ராத்திரி இங்கே படுத்துக்கோங்க" என்றால் வருவார்கள்.

மாத்திரையை 7 அறை டப்பாவில் போட்டு, குழந்தைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். வென்லாஃபாக்சின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஒன்றிரண்டு நாள் விட்டுப்போனாலே தலைசுற்றலும் குமட்டலும் மண்டைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வும் வரலாம். பலர் அதை வேலைக் களைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது.

பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். குழந்தையிடமிருந்து வாந்தி பேதி தொற்றி உடம்பில் நீர் வற்றினாலும், வலிக்கு இபுப்ரோஃபென் போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கை நடுக்கம் கூடினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலையிடத்தில் நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "மருத்துவக் காரணம், 6 வாரத்துக்குக் காலை 10 மணிக்கு முன்னால் மீட்டிங் வேண்டாம்" என்று அளவும் கெடுவும் வைத்துக் கேளுங்கள். லீவு எடுத்தால் குழந்தையை வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்புங்கள். பாக்கி வீட்டு வேலையைத் தீர்க்க எடுக்கும் லீவு ஓய்வாகாது.

கைக்குழந்தை ஓயாமல் அழுது, கை ஓங்கத் தோன்றினால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்தி 10 நிமிடம் வெளியே வாருங்கள். அது தப்பே இல்லை. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் குழந்தையை நம்பகமானவரிடம் விட்டு, அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், தனியாக அல்ல.

அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால் நன்றாக இருக்கிற ஒரு நாளில் ஒரே தாளில் எழுதுங்கள்: உங்களுக்கு முதலில் தெரியும் 3 அறிகுறிகள், மாத்திரைப் பெயரும் அளவும், டாக்டர் எண், பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவரப் போகிற ஆள். அந்த ஆளிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.