வெள்ளைக் குதிரைக் குன்றும் ஒரு வாளிச் சுண்ணாம்பும்

இங்கிலாந்தில் ஒரு குன்றின் சரிவில் வெண்சுண்ணாம்பால் ஆன பிரம்மாண்டமான உருவம், அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. அதன் படத்தை யாரிடம் காட்டினாலும் வருகிற முதல் கேள்வி, “யார் வரைஞ்சது இதை?” என்பதுதான். நானும் பல வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். போன கோடையில் அந்தக் குதிரையின் கழுத்துப் பக்கம் மண்டியிட்டு, சுத்தியலால் சுண்ணாம்பை அடித்துக்கொண்டிருந்தபோது கேள்வி மாறிவிட்டது. இதை இத்தனை காலம் அழியவிடாமல் வைத்திருந்தது யார்? அன்றிலிருந்து இந்தக் கேள்விதான் மனதில் ஓடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் ஸ்விண்டனிலிருந்து கிழக்கே காரில் அரை மணி நேரம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்திலேயே உயரமான இடம் இந்தக் குன்றுதான், ஆனால் உயரம் 261 மீட்டர்தான். 1974இல் எல்லையை மாற்றும் வரை பெர்க்‌ஷயரில் இருந்தது. குன்றின் மேல்சரிவில், பச்சைப் புல்லுக்கு நடுவே, சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை ஓடுகிறது. கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பில் போட்ட மாதிரி ஒரு கோடு. உடம்போடு சேராமல் தனியாக நிற்கும் இரண்டு கால்கள். பறவை அலகு போல ஒரு வாய், ஒற்றைக் கண். இது குதிரையே இல்லை, நாய் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஆனால் 11ஆம் நூற்றாண்டு ஆபிங்டன் மடத்து ஆவணத்திலேயே இந்த இடத்துக்கு ‘வெள்ளைக் குதிரைக் குன்று’ என்றுதான் லத்தீனில் பெயர் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மேலே ஏறி வடக்கே திரும்பி நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தட்டையாக விரிந்து கிடக்கும். நாம் நிற்கும் சரிவு முழுக்க வெண்சுண்ணாம்பு. கடலடியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான வருடம் படிந்து படிந்து ஆன பாறை. பாறை என்று பெயர்தான், சாக்பீஸ் மாதிரி கையில் ஒட்டும். மழைத்தண்ணீர் இதன் மேல் நிற்காது, உள்ளே இறங்கிவிடும். அடியில் தண்ணீர் விடாத களிமண் தட்டியதும் குன்றின் அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்கள் அமைந்தன: ஆஷ்பரி, காம்ப்டன் பீச்சம், வுல்ஸ்டன், கிங்ஸ்டன் லைல். சரட்டில் கோத்த மணி மாதிரி வரிசையாக இருக்கும். இந்த ஊர்களின் பழைய எல்லைகளை வரைபடத்தில் பாருங்கள். மேலே ஆடு மேய்க்கும் புல்வெளி, நடுவே ஊற்று, கீழே ஈரமான வயல் என்று மூன்றிலும் ஒவ்வொரு ஊருக்கும் பங்கு கிடைக்கிற மாதிரி நீள நீளமாகப் பிரித்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்து மக்கள் தண்ணீரையும் மேய்ச்சலையும் எவ்வளவு நியாயமாகப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

குதிரைக்கு நேர் கீழே ஒரு வறண்ட பள்ளம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘தீவனத் தொட்டி’. நிலா வெளிச்சத்தில் குதிரை இறங்கி வந்து அங்கே மேயும் என்பது கதை. பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அதற்கு ‘ராட்சதன் படிகள்’ என்று பெயர். பனி யுகத்தில் உறைந்து கிடந்த நிலம் இளகியபோது ஏற்பட்ட மடிப்புகள் அவை. பக்கத்திலேயே உச்சி தட்டையான ஒரு சின்னக் குன்று, டிராகன் ஹில். செயின்ட் ஜார்ஜ் டிராகனைக் கொன்றது இங்கேதான், அதன் ரத்தம் விழுந்த இடத்தில் புல்லே முளைக்காது என்பார்கள். உச்சியில் உண்மையிலேயே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. என் மகள் அதில் கால் படாமல் சுற்றி நடந்தாள்.

குதிரைக்கு மேலே இரும்புக் காலத்து மண்கோட்டை, அதை ஒட்டி ரிட்ஜ்வே என்ற பழம்பாதை. பாதையில் மேற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் மரங்களுக்கு நடுவே வேலண்ட்ஸ் ஸ்மிதி என்ற கற்கால ஈமச்சின்னம். வயது ஐயாயிரம் வருடத்துக்கு மேல். அங்கே குதிரையைக் கட்டி, ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால், வேலண்ட் என்ற கொல்லன் யாரும் பார்க்காத நேரத்தில் லாடம் அடித்துவிடுவானாம். இன்றும் கல் இடுக்குகளில் காசு செருகியிருக்கும்.

சரி, குதிரைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஆல்ஃபிரட் மன்னர் 871இல் ஆஷ்டவுன் போரில் வைகிங்குகளை வென்றதைக் கொண்டாட வெட்டிய குதிரை இது என்று. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட கதைதான். ஆல்ஃபிரட் பிறந்த வான்டேஜ் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் பொருத்தமாகவும் இருந்தது. 1990களில் ஆக்ஸ்ஃபோர்ட் தொல்லியல் குழுவினர் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணில் உள்ள மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன்படி குதிரையின் காலம் கி.மு. 1380க்கும் 550க்கும் இடையில் வந்தது. ஆல்ஃபிரட் பிறப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்னாலேயே இது இங்கே ஓடிக்கொண்டிருந்தது!

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. இது மேலோட்டமாகப் புல்லைச் சுரண்டி எடுத்த உருவம் அல்ல. ஒரு மீட்டர் ஆழம் வரை பள்ளம் வெட்டி, அதில் சுண்ணாம்பை இடித்து நிரப்பியிருக்கிறார்கள். அவ்வளவு உழைத்தும் அது தானாக நிற்காது. மழை அரிக்கும், களை முளைக்கும், ஓரத்துப் புல் உள்ளே நகர்ந்து வரும். இருபது முப்பது வருடம் கவனிக்காமல் விட்டால் குன்று அதை மூடிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூவாயிரம் வருடத்தில் குறைந்தது நூறு முறையாவது யாரோ மேலே ஏறி வந்து இதைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதற்குள் இங்கே பேசிய மொழி மாறியது. பிரிட்டன்கள் போய், ரோமர்கள் வந்து போய், சாக்சன்கள் வந்து, நார்மன்கள் வந்தார்கள். சாமி மாறியது, வரி வாங்கியவன் மாறினான். முதலில் வெட்டியவர்கள் எதற்காக வெட்டினார்கள் என்பது மறந்தே போனது. வேலை மட்டும் கைமாறிக் கைமாறி வந்துகொண்டே இருந்தது.

எதற்காக வெட்டினார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் தொல்லியலாளர் ஜோஷுவா பொலார்ட் 2017இல் சொன்னது. குளிர்காலத்தின் நடுவில் எதிர்ப்பக்கக் குன்றிலிருந்து பார்த்தால், சூரியன் குதிரைக்குப் பின்னால் எழுந்து, மெல்ல மெல்ல நெருங்கி, மாலைக்குள் அதைத் தாண்டிப் போவது போலத் தெரியும். சூரியனோடு ஓடும் குதிரை.

வேலை எப்படிக் கைமாறியது என்பதற்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் பாஸ்கர்வில் என்ற பயணி, இந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் சிலருக்குத் தங்கள் நிலத்தின் பேரில் குதிரையைச் சுத்தம் செய்யும் கடமை இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். நிலம் வேண்டுமா, குதிரையைத் துலக்கு. 18ஆம் நூற்றாண்டில் அது திருவிழாவாகவே நடந்தது. களை பறித்து முடித்ததும் மண்கோட்டைக்குள் கடைகள், மல்யுத்தம், கம்புச் சண்டை. தீவனத் தொட்டிப் பள்ளத்தில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு, அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். பெரிய அளவில் நடந்த கடைசித் திருவிழா 1857இல். அஃபிங்டனில் பிறந்த எழுத்தாளர் தாமஸ் ஹியூஸ் அதை வைத்து ஒரு நூலே எழுதினார். திருவிழா நின்ற பிறகு என்ன ஆயிற்று? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் புல் ஏறத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. பாரம்பரியச் சின்னம் என்றதும் நாம் வேலி, அறிவிப்புப் பலகை, கார் பார்க்கிங் என்றே யோசிக்கிறோம். அவை தேவைதான். ஆனால் ஊர் கை வைக்காத சின்னம் போய்விடும். வார்விக்‌ஷயரில் டைசோ என்ற ஊரில் ஒரு சிவப்புக் குதிரை இருந்தது. செம்மண் சரிவில் வெட்டியது. குருத்தோலை ஞாயிறு அன்று ஊரே கூடித் துலக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பொது நிலங்களை வேலியடைத்துத் தனியாருக்குப் பிரித்தபோது அந்த வழக்கம் அறுந்தது. இன்று அங்கே போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

“அப்படியானால் கான்கிரீட் போட்டுவிட வேண்டியதுதானே?” என்று என்னிடமே ஒருவர் கேட்டார். வில்ட்ஷயரில் வெஸ்ட்பரி வெள்ளைக் குதிரைக்கு 1950களில் அதைத்தான் செய்தார்கள். பராமரிப்புச் செலவு மிச்சம் என்று நினைத்தார்கள். கான்கிரீட் அழுக்குப் பிடித்துச் சாம்பல் நிறமாகிறது. கழுவ வேண்டியிருக்கிறது, திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. வேலையும் மிஞ்சியது, அந்த வேலையை ஊர் சேர்ந்து செய்ய வழியும் போயிற்று.

அஃபிங்டன் குதிரை தப்பியது நல்ல காலம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளம் ஆகிவிடக்கூடாது என்று புல்லும் தழையும் போட்டு மூடினார்கள். போர் முடிந்ததும் திறந்தார்கள். இப்போது பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. அப்படியும், தலையும் கழுத்தும் பழைய அகலத்தில் சில இடங்களில் பாதியாகச் சுருங்கிவிட்டதைச் சமீபத்தில் கண்டுபிடித்தார்கள். 2024இல் ஓரத்துப் புல்லை அளந்து வெட்டி, வெள்ளைக் கோடுகளை அகலமாக்கினார்கள்.

போன கோடையில் நானும் மகளும் தன்னார்வலர்களோடு போனோம். முழங்காலுக்குக் கீழே போட ஒரு ரப்பர் அட்டை, ஒரு சுத்தியல், ஒரு வாளி சுண்ணாம்புக் கட்டி. முதலில் களையை வேரோடு பிடுங்க வேண்டும். அப்புறம் கட்டிகளைக் கொட்டி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தெறிக்கும். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு, “சின்னச் சின்னதா, ஈரம் வர்ற வரைக்கும்” என்றார். அடிக்க அடிக்கக் கட்டி மாவாகி, உள்ளே இருக்கிற ஈரத்தில் களி மாதிரி இறுகி, பளிச்சென்று வெளுத்தது. முன்னால் சாம்பல், பின்னால் வெள்ளை. ஒரு மணி நேரத்தில் ஒரு பாய் அகலம் முடிந்தது. தலைக்கு மேலே எங்கேயோ வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் இடத்திலிருந்து குதிரை தெரியவில்லை. இரண்டு பக்கமும் வளைந்து போகிற வெள்ளைப் பாதை மட்டும்தான் தெரிந்தது. முதன்முதலில் வெட்டியவர்களுக்கும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

நான் எங்கிருந்து வந்தவள் என்று அன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாளியைத்தான் நகர்த்தினார்கள். பாஸ்கர்வில் எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன். இங்கே குடியிருப்பவர்களின் கடமை என்றுதானே எழுதினார்? யாருடைய பாட்டன் இங்கே பிறந்தான் என்று குறிப்பில் இல்லை. பதினோரு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், வரி கட்டுகிறேன், இந்த மண்ணின் அடியிலிருந்து வரும் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அப்படியானால் எனக்கும் அந்தக் கடமை உண்டு.

அதனால் கேட்கிறேன். வருடத்தில் சில நாள், சில பேர் என்று இருக்கிற இந்த வேலையைப் பெரிதாக்க வேண்டும். பள்ளத்தாக்கில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பிள்ளைகளை ஒரு நாளாவது வாளியோடு மேலே அனுப்ப வேண்டும். அந்த நாளில் பழையபடி கடைகளும் ஆட்டமும் பாட்டும் வர வேண்டும். பாலாடைக்கட்டி உருட்டுவதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். மல்யுத்தத்தைக் கட்டாயம் கேட்கமாட்டேன்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கண்ணின் மேல் நின்று மூன்று முறை சுற்றினால் நினைத்தது நடக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒவ்வொரு காலடியும் அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெள்ளையின் மேல் நடக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். முழுக் குதிரையையும் பார்க்க ஆசை இருந்தால் கீழே ஃபெர்னம், லாங்காட் பக்கம் போய் வயல் ஓரத்தில் நின்று பாருங்கள்.

அன்று திரும்பும் வழியில் நாங்களும் அங்கே வண்டியை நிறுத்தினோம். மகள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். “நம்ம இடம் எதும்மா?” என்றாள். கழுத்து வளைவைக் காட்டினேன். அந்த இடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருப்பதாக அவள் அடித்துச் சொன்னாள்.

அடுத்த கோடையிலும் போகிறோம். ஸ்விண்டன், ரீடிங், ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், தேதி அறிவித்ததும் தெரியப்படுத்துகிறேன். பழைய துணி போட்டுக்கொண்டு வாருங்கள். மேலே காற்று பலமாக இருக்கும், தொப்பி நிற்காது. சுத்தியல் அங்கேயே தருவார்கள்.