கான்பூர் குப்பையிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள்

இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சு விமானங்கள் என்றதும் நண்பர்கள் லங்காஸ்டர், பி-17 என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு என்றும் பி-24 லிபரேட்டர்தான். பெட்டி மாதிரி உடம்பு, இரட்டை வால், ஒல்லியான நீள இறக்கை. அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 18,000-க்கும் மேல் செய்தார்கள். இன்று முழுசாக மிஞ்சியவை இருபதைத் தாண்டாது. அந்தக் கொஞ்சத்திலும் பல, இந்தியாவிலிருந்து போனவை.

கடன்-குத்தகை, அதாவது போர்க்காலத்தில் நேச நாடுகளுக்கு ஆயுதம் கொடுத்துதவும் ஏற்பாட்டில் அமெரிக்கா கொடுத்த விமானங்களைப் போர் முடிந்ததும் பிரிட்டன் திருப்பித் தர வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். லிபரேட்டர்களைக் கான்பூரில் வரிசையாக நிறுத்தி, இனி பறக்கவே கூடாதென்று சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூரு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையில் இறங்கினார்கள். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, தரையை விட்டு எழும்பும் அளவுக்குத் தேற்றினார்கள். எச்.ஏ.எல். விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைச் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓட்டி பெங்களூரு கொண்டுவந்தார். நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த நவம்பரிலேயே விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு உருவாகிவிட்டது.

எச்.ஏ.எல்.லுக்கு லிபரேட்டரின் எஞ்சின் புதிதில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த இடம் அது. எஞ்சினின் பெயர் ட்வின் வாஸ்ப், பதினான்கு சிலிண்டர். டகோட்டா என்ற சரக்கு விமானத்தில் இரண்டு, லிபரேட்டரில் நான்கு. 2018-இல் நம் விமானப்படைக்கு வந்த ‘பரசுராமா’ டகோட்டா கிளம்பும் காணொளி கிடைத்தால் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். முதலில் ஒரு இருமல், கொஞ்சம் புகை, அப்புறம் சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். லிபரேட்டரின் பாதிக் குரல் அது.

1968 வரை லிபரேட்டர்கள் இங்கே கடல் ரோந்து பார்த்தன. ஓய்வு கொடுத்த பிறகும் சும்மா கிடக்கவில்லை. 1968-இல் ஒன்று கனடாவுக்கும், 1969-இல் ஒன்று அரிசோனாவுக்கும், 1974-இல் ஒன்று இங்கிலாந்துக்கும் போயின. கப்பலில் ஏற்றி அல்ல, பறந்தே போயின! குப்பை என்று கைவிட்டதை நம் ஃபிட்டர்கள் எப்படிச் செய்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விமானிகளின் பெயர் நிற்கிறது, ஸ்பேனர் பிடித்தவர்களின் பெயர் நிற்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய மனக்குறை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ அந்த நாளில் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்திருந்தால், வீட்டுப் பெட்டியில் பழைய புகைப்படம் இருந்தால், பெயரோடு இங்கே போடுங்கள்.