890 என்றால் இந்தியப் பொருளா? இல்லை

காரைக்குடிப் பக்கம் குடும்பக் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது அந்த வாட்ஸ்அப் செய்தி: பார்கோடு 890-ல் தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690 என்றால் சீனப் பொருள், பார்த்து வாங்குங்கள் என்று. எங்கள் ஆச்சி இதை நம்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்க்கிறார்.

தவறு. 890 என்பது அந்த நிறுவனம், பார்கோடு எண்களை வழங்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1-ன் இந்தியக் கிளையில் எண் வாங்கியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இங்கே எண் வாங்கிய கம்பெனி சரக்கை வியட்நாமில் செய்து கொண்டுவந்தாலும் 890 தான்.

கோட்டுக்குள் நாடு, விலை, பெயர் எதுவும் கிடையாது, 13 இலக்கங்கள் மட்டும்தான். அதிலும் முதல் இலக்கத்துக்குத் தனிக் கோடே இல்லை, அடுத்த ஆறு இலக்கங்களை வரைந்த விதத்திலேயே அது ஒளிந்திருக்கிறது (இதைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர்தான்). கடைசி இலக்கம், மற்ற இலக்கங்கள் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்க. 8901234567890-ஐ எடுங்கள்: முதல் 12-ல் ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டல் 28, இரட்டை இடத்தவை 34, அதை மூன்றால் பெருக்கினால் 102, மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். இங்கே குறைவே இல்லை, அதனால் 0. ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும்.

தேன்குழல் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததும் பெயரும் விலையும் வருவது கடைக் கம்ப்யூட்டரிலிருந்து. சரி, நாடு தெரிய வேண்டுமா? இறக்குமதிப் பொருளின் உறையில் தயாரித்த நாட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும், அதைப் படியுங்கள் ஆச்சி.