முகடு தெரிந்தால் மயோரானா வந்துவிட்டது என்று அர்த்தமில்லை

நேற்று இரவு அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகளைத்தான் மயோரானா என்கிறோம். அதைப் போல நடந்துகொள்ளும் ஒரு நிலையை ஆய்வகத்தில் ஒரு நுண்கம்பிக்குள் கண்டுவிட்டார்களா என்பதுதான் பேச்சு. "மயோரானாவைப் பிடிச்சாச்சு, இன்னமும் சந்தேகப்படுறவங்க வயித்தெரிச்சல் கோஷ்டி" என்று சொல்லி, என் கேள்வியைப் பாதியிலேயே வெட்டிவிட்டார் நெறியாளர். சரி, அங்கே முடிக்க விடாததை இங்கே முடிக்கிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முழுத் தரவையும் பார்த்தீர்களா?

இன்டியம் ஆன்டிமொனைடு என்ற குறைக்கடத்தியில் மிக மெல்லிய ஒரு நானோகம்பி, அதை ஒட்டி ஒரு மீக்கடத்தி, அதாவது குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். குறைந்த ஆற்றலில் வரும் எலக்ட்ரான் மீக்கடத்திக்குள் தனியாக நுழைய முடியாது. அங்கே ஜோடிக்குத்தான் இடம். இன்னொரு எலக்ட்ரானையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது, வந்த வழியே ஒரு துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம், திரும்பி வருகிறது. இதைத்தான் ஆந்திரேயெவ் எதிரொளிப்பு என்கிறோம். இந்த அமைப்பில் காந்தப்புலமும் கேட் வோல்டேஜும் (கம்பியில் எலக்ட்ரான்களைக் கூட்டிக் குறைக்கும் மின்னழுத்தம்) சரியாக அமைந்தால் கம்பியின் இரு முனைகளிலும் மயோரானா நிலைகள் பிறக்கும் என்று 2010-இல் இரண்டு குழுக்கள் கணக்குப் போட்டுக் காட்டின. அதன் அடையாளம், கடத்துத்திறன் (மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) வரைபடத்தில் பூஜ்ஜிய மின்னழுத்தத்தில் எழும் ஒரு முகடு. நல்ல குளிரில் அதன் உயரம் சுமார் 77.5 மைக்ரோசீமென்ஸில் (கடத்துத்திறனின் அலகு) போய் நிற்க வேண்டும்.

ஆனால் கம்பியில் கொஞ்சம் ஒழுங்கின்மை இருந்தாலோ, முனையில் தற்செயலாக ஒரு குவாண்டம் புள்ளி (எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும் சின்னப் பொறி) உருவாகிவிட்டாலோ, மயோரானாவே இல்லாமல், மேலே சொன்ன எதிரொளிப்பால் வரும் சாதாரண ஆந்திரேயெவ் நிலையும் அதே பூஜ்ஜியத்தில் வந்து உட்காரும். அதே முகடு. சில சமயம் அதே உயரம்கூட. அதனால்தான் கேட்கிறேன், முழுத் தரவு எங்கே?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 2018-இல் அந்தச் சரியான உயரத்தைக் கண்டுவிட்டதாக நேச்சர் இதழில் எழுதியது. 2021 மார்ச்சில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெளியிடாமல் விட்ட பகுதியையும் சேர்த்து வரைந்தபோது முகடு அந்த மதிப்பைத் தாண்டி மேலே போயிருந்தது. இதைக் கிளறியவர்கள் செர்கே ஃப்ரோலோவும் வின்சென்ட் மூரிக்கும். 2012-இல் இதே டெல்ஃப்டில் நானோகம்பியில் அந்த முகட்டை முதலில் அளந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. இவர்களும் வயிற்றெரிச்சல் கோஷ்டியா?

"அது மோசடி இல்லைன்னு நிபுணர் குழுவே சொல்லிடுச்சே" என்பீர்கள். ஆமாம், சொன்னது. வேண்டுமென்று செய்ததற்கு ஆதாரமில்லை, உற்சாகத்தில் தங்களுக்கு ஒத்துவராத தரவைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றது. எனக்கு அதுதான் அதிக பயம். மோசடி செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். உற்சாகம் எல்லோருக்கும் வரும்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதே மாதிரி ஒரு சாதனத்தை அளந்துகொண்டிருந்தேன். ராத்திரி, சாதனத்தைக் குளிர்விக்கும் ஃப்ரிட்ஜின் பல்ஸ் டியூப் எழுப்பும் டக் டக் சத்தம், திரையில் பூஜ்ஜியத்தில் அழகாக ஒரு முகடு. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துத் தோளைத் தட்டினார். கேட் வோல்டேஜைத் துளி நகர்த்தினேன். முகடு இரண்டாகப் பிளந்து விலகிப் போனது. உண்மையான மயோரானா என்றால் இவ்வளவு எளிதில் கலையக் கூடாது. "அந்த ரேஞ்ச் வேண்டாம், முதலில் பார்த்ததை மட்டும் போடு" என்றார். மாட்டேன் என்றேன். பிறகு அந்த ஆய்வகத்தில் அந்த ஃப்ரிட்ஜில் அளக்க எனக்கு நேரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பொறாமை என்று என்னைச் சொல்பவர்களுக்கு இது தெரியாது. நானும் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

"2025-இல் மைக்ரோசாஃப்ட் சிப்பே கொண்டுவந்துட்டாங்களே?" கொண்டுவந்தார்கள், மயோரானாவை வைத்து இயங்கும் குவாண்டம் கணினிச் சிப் என்று சொல்லி மயோரானா 1 என்று பெயரும் வைத்தார்கள். அதோடு நேச்சரில் வந்த கட்டுரையின் மதிப்பாய்வுக் கோப்பை, அதாவது வெளியிடும் முன் நிபுணர்கள் சொன்ன கருத்துகளின் பதிவை, திறந்து பாருங்கள். இந்த முடிவுகள் அந்தச் சாதனங்களில் மயோரானா நிலைகள் இருப்பதற்கான ஆதாரமல்ல என்று இதழின் ஆசிரியர் குழுவே எழுதி வைத்திருக்கிறது. நேரலையில் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தமிழில் அறிவியல் பேசுவதே பெரிசு, அதையும் கெடுக்காதே" என்றும் ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். தமிழில் கேட்பவர்களுக்குப் பாதி உண்மை போதும் என்று யார் முடிவு செய்தது?

மயோரானா இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிடைத்தால் என்னைவிடச் சந்தோஷப்படுபவர் இருக்க மாட்டார்கள், என் இளமையே அந்தக் குளிருக்குள் போயிருக்கிறது. ஆனால் முழுத் தரவையும் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த நெறியாளருக்கு. என்னைக் கிண்டல் செய்தது போகட்டும். இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி, "ஸார், புலத்தை மாத்தினா அந்த முகடு அப்படியே நிக்குமா?" என்று கமெண்ட்டில் கேட்டிருந்தார். அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அது. காலையில் பார்த்தால் அந்தக் கமெண்ட் இல்லை. அதைத் திரும்பப் போட்டு, தெரிந்தால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.