இரட்டையில் ஒன்று கரைந்தால் ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

"இரட்டைக் கருவில் ஒன்று கரைந்துவிட்டால் ஸ்கேன் வேண்டாம், என்ஐபிடி ரத்தப் பரிசோதனையே போதும்" என்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

வயிற்றுக் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று கணிக்கும் அந்தப் பரிசோதனை பார்ப்பது, நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளை. கரைந்த கருவின் திசு பல வாரங்கள்கூட அவற்றை விட்டுக்கொண்டிருக்கலாம். அந்தக் கருவின் வளர்ச்சி நின்றதற்கே குரோமோசோம் கோளாறு காரணமாக இருந்திருக்கலாம். அதனால் நலமாக வளரும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு என்று பொய்யாக முடிவு வரக்கூடும். இதே கோளாறுகளைக் கணிக்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான டபுள் மார்க்கரின் அளவுகளும் மாறலாம்.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்டி ஸ்கேன் (குழந்தையின் பின்கழுத்து நீரை அளப்பது), இருக்கிற குழந்தையையே நேராகப் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம்; வேண்டுமா என்பது உங்கள் முடிவு. ஒன்று கரைந்ததை மட்டும் டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்க அம்மணி, மாமியார் "வெளியே சொல்லாதே" என்றாலும் சரி.