தாங்குமா என்று யார் கேட்டார்கள்?

பொருட்களைப் படமெடுப்பதற்கு டிரைபாட் ஹெட் (முக்காலியின் உச்சியில் கேமராவைப் பிடித்துத் திருப்பும் பாகம்) தேடுகிறவர் எந்தக் கடைக்குப் போனாலும், எந்த இணையதளத்தைத் திறந்தாலும், முதலில் எதிரே வந்து நிற்பது கிலோக் கணக்குதான். இது பத்துக் கிலோ தாங்கும், அது இருபது கிலோ தாங்கும் என்கிறார்கள். கேமராவும், சிறு பொருட்களை மிக நெருங்கி எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் சேர்ந்தாலும் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டுவதில்லையே, எனக்கு எதற்கு இருபது என்று கேட்டால், "தாங்கும் சார், கவலையே படாதீங்க" என்று அதே பாட்டைத் திரும்பப் பாடுகிறார்கள். தாங்குமா என்று நான் கேட்கவே இல்லை. பூட்டிய இடத்தில் நிற்குமா என்றுதான் கேட்கிறேன்.

ஒரு ஜிமிக்கியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கி எடுக்கும்போது, ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குத் தெரிவது அதன் சென்சாரின் அளவான 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட பரப்பு மட்டுமே. ஓர் உருண்டையின் மேல் கேமராவைச் சுழலவிட்டுப் பூட்டும் பால் ஹெட்டின் திருகை இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும், முன்புறம் நீண்டிருக்கும் லென்ஸின் கனத்தால் கேமரா மயிரிழை தாழ்கிறது. அந்த மயிரிழையில் காட்சி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், உயரத்தில் 24-இல் ஒரு பங்கு போய்விடுகிறது. இதற்குக் கிடைக்கும் பரிகாரமோ இன்னும் எரிச்சலூட்டுகிறது: "கொஞ்சம் மேலே தூக்கி வைத்துப் பூட்டுங்கள், தானாக இறங்கிச் சரியாகிவிடும்." பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியை எவ்வளவு ஏமாற்றினால் சரியாக நிற்கும் என்று நாம்தான் கணித்துக்கொண்டிருக்க வேண்டுமாம்!

அந்தக் கிலோக் கணக்கையும் எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. கனம் நேர் மேலே உட்கார்ந்திருப்பதும், மேசைமேல் பரப்பிய பொருட்களை மேலிருந்து எடுப்பதற்காகக் கேமராவைக் குப்புறக் கவிழ்க்கும்போது அதே கனம் பக்கவாட்டில் தொங்குவதும் ஒன்றாகுமா? மூட்டை தூக்கும் வலிமையைப் பார்த்து, ஊசியில் நூல் கோக்க ஆள் எடுப்பது போலிருக்கிறது இந்த வியாபாரம்.

பால் ஹெட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பயணத்துக்கு அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் திருகைத் தளர்த்தியதும் கேமரா எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துகொள்வதால், கிடைமட்டம் கலையாமல் கோணத்தை மட்டும் அரை டிகிரி மாற்றுவது பெரும்பாடு. ஒவ்வோர் அச்சுக்கும் தனித் திருகுள்ள கியர்டு ஹெட்டில், திருகைத் திருகிய அளவுக்கு அந்த அச்சு மட்டுமே நகரும்; திருகை விட்டதும் அங்கேயே நிற்கும். மான்ஃப்ரோட்டோ 410 போன்றவற்றை ஸ்டுடியோக்காரர்கள் விரும்புவது இதற்காகத்தான். அதைக் கேட்டாலோ, "அது ஒரு கிலோவுக்கு மேல் கனம் சார், தூக்கிட்டு அலைய முடியாது" என்று மறுபடியும் பால் ஹெட்டையே நீட்டுகிறார்கள். மேசையருகே நிரந்தரமாக நிற்கப்போகும் டிரைபாடை நான் ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

கேமராவின் அடியில் திருகி, ஹெட்டின் பிடியில் மாட்டும் தகடான பிளேட் விவகாரம் தனித் தலைவலி. அந்த 410-க்கு அதற்கே உரிய பிளேட்தான் பொருந்தும். மற்றவை பெரும்பாலும் ஆர்க்கா வகை, அதாவது பல நிறுவனங்கள் பொதுவாகப் பின்பற்றும் பிளேட் வடிவம், என்கிறார்களே தவிர, ஒரு நிறுவனத்தின் பிளேட் இன்னொரு நிறுவனத்தின் நெம்புகோல் பிடியில் ஆடுகிறது, அல்லது நுழையவே மறுக்கிறது. திருகிப் பூட்டும் பிடியாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

இத்தனைக்கும் சோதனை எளிது. கேமராவை மாட்டி, லைவ் வியூவில் காட்சியைப் பெரிதாக்கி, திருகை இறுக்கிக் கையை எடுத்தால், எவ்வளவு தாழ்கிறது என்பது திரையிலேயே தெரிந்துவிடும். அதைக் கடையிலேயே செய்து பார்க்கிறேன் என்றால், பெட்டியைப் பிரித்தால் பணம் கட்டியே ஆகவேண்டும் என்கிறார்கள்.